பிரேக் மாஸ்டரின் சைக்கிள் யாத்திரை

என் வீட்டுக்காரர் சைக்கிளிலேயே மலைக்கோயிலுக்குப் போகப் போவதாகச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல மாதம் ஆகியிருந்ததால் என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ரயிலில் போனாலே ஒரு நாள் முழுக்க ஆகிற தூரம். இவரோ ஐம்பதைத் தாண்டியவர், நாலு படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்.

“யாரு கூட?”

“தனியாத்தான்.”

“புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?”

“இனிமே கெட்டா என்ன, கெடாட்டி என்ன” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த கார் உண்டல்லவா, அதில் உட்கார்ந்து இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். கால் எந்நேரமும் அந்தப் பிரேக்கின் மேலேயே இருக்கும். அதனால் பிரேக் மாஸ்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. சினிமாவில் கார் வேகமாகப் போனால்கூட இவர் கால் தியேட்டர் தரையை அழுத்தும், எனக்கு மானம் போகும். அப்படிப்பட்ட மனிதருடைய பிள்ளைதான் ஒருவரைக் காரில் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான்.

எங்களுக்கு ஒரே பையன். சிநேகிதன் காரை வாங்கிக்கொண்டு போயிருந்தான். பொழுது சாயும் நேரம். இடிபட்டவர் குடோனில் மூட்டை தூக்குகிறவர், வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். உடனே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று கோர்ட்டில் டாக்டர் சொன்னார். “நாய்னு நினைச்சேன்” என்றான் என் மகன். நான் அந்த நாயை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் யார் வாயைத் திறந்தாலும், இருட்டில் நாய் என்று நினைத்துவிட்டான், பாவம், என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். சொல்லிச் சொல்லி, ஓடுகிற நாய் எனக்குக் கண்ணிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. கோர்ட் நம்பவில்லை, உள்ளே போட்டுவிட்டார்கள்.

இவர் அன்றிலிருந்து கார் கதவைத் தொடவில்லை. வேலையை விட்டார். சிறைக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு வாரமும் நான் ஒருத்திதான் போய்க்கொண்டிருந்தேன்.

யாத்திரை வேலை மட்டும் மும்முரமாக நடந்தது. பழைய சைக்கிள் ஒன்று வந்து கூடத்தையே அடைத்துக்கொண்டது. செயின் எண்ணெய் என் துடைக்கிற துணிகளை எல்லாம் தின்றது. வரைபடத்தைக் கட்டிலில் விரித்து, எந்த ஊரில் தங்கலாம், எங்கே மேடு, எங்கே லாரி அதிகம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார். படுக்க வேண்டுமென்றால் நான் அந்த ஊர்களை எல்லாம் மடித்து ஓரமாக வைக்க வேண்டும். பஞ்சர் ஒட்ட, டியூப் மாற்ற, செயின் கழன்றால் மாட்ட என்று எல்லாம் கற்றுக்கொண்டார். விடிந்ததும் பழகப் போவார், தொடை புண்ணாகித் திரும்பிவந்து சுவரைப் பிடித்தபடி உட்காருவார். கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல பிரேக் கையில இருக்கு. பழக்க தோஷத்துல காலை அழுத்தி வேகமாப் போயிடாதீங்க” என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணு வாரம் மிதிக்கத் தெம்பு இருக்கு. பெத்த பிள்ளையப் பாக்க ரெண்டு பஸ் ஏறத் தெம்பு இல்லையா? சாமிக்கு உங்கள விட்டா நாதி இல்லையா? அவன் வாரா வாரம் என் முதுகுக்குப் பின்னால எட்டி எட்டிப் பாக்குறான், அப்பா வந்திருக்காரான்னு.”

அவர் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போனாக் கேக்கணும்” என்றார்.

“என்னத்த?”

“நாய்தானான்னு.”

“கேக்காதீங்களேன். பாத்துட்டு வாங்க, போதும்.”

“அவன் முகத்தப் பாத்துட்டுக் கேக்காம வர என்னால முடியாது. கேட்டு, அவன் வேற ஏதாவது சொல்லிட்டான்னா? அதுக்குத்தான் கோயிலுக்குப் போறேன். அங்க யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.”

அவர் கிளம்பக் குறித்திருந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் நான் சிறைக்குப் போனபோது மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவனோ கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“சைக்கிள்லயா? தனியாவா? நீ ஏம்மா விட்டே?”

“நான் சொன்னாக் கேக்குற ஆளா அவரு?”

“பின்னாடி சிவப்பு லைட்டு போடச் சொல்லு. வெளிர் சட்டை போட்டுக்கச் சொல்லு. பொழுது சாயறதுக்கு முன்னாடி எங்கயாவது ஒதுங்கிடச் சொல்லும்மா. கார்ல வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. நிஜமாத் தெரியாதும்மா.”

சொல்லச் சொல்லவே அவன் உதடு கோணிக்கொண்டு போனது. ஆள் ஏற்கெனவே பாதியாகியிருந்தான். நேரம் முடிந்தது என்று காவலர் தட்டியும், “லைட்டு, மறந்துடாதே” என்று கத்திக்கொண்டே போனான்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, “அடுத்த வாரம் நானும் வர்றேன்” என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். பஸ்ஸில் வழி நெடுக, கேக்காதீங்க, உங்க கால்ல வேணா விழறேன் என்று கெஞ்சிக்கொண்டே போனேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், சரி என்று மட்டும் சொல்லவில்லை.

பார்வையாளர் அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அப்பாவைப் பார்த்ததும் மகன் ஓடிவந்தான், வலைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“லைட்டு போட்டாச்சாப்பா?”

“போட்டாச்சுடா.”

“எரியுதா? எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது?”

“நல்லாத் தெரியுது.” வலையில் முகம் படுகிற அளவுக்கு அவர் கிட்டே போனார். “அது நாய்தானா?”

எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பொத்தவில்லை.

“இடிக்கிற வரைக்கும் தெரியலப்பா. சத்தியமா. இடிச்சப்புறம் பின்னாடி பாக்குற கண்ணாடியப் பாத்தேன். நீங்க பழக்கிவிட்டதுதானே, கண்ணு தானாப் போயிடுச்சு. கையை ஊனி எந்திரிக்கப் பாத்தாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் கண்ணாடியப் பாக்கல.”

எங்களைச் சுற்றி யார் யாரோ யார் யாருக்கோ ஜாமீன் பற்றியும் செருப்பு பற்றியும் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் வலைக்குள் இரண்டு விரலை நுழைத்தார், அதற்கு மேல் போகாது. மகன் அந்த விரல்களில் நெற்றியை வைத்து அழுதான். காவலர் தட்டினார்.

“அடுத்த வாரம் வர்றேன்” என்றார் இவர்.

திரும்பும் பஸ்ஸில் நான் வெடித்தேன். “ஏன் கேட்டீங்க? நாயாவே இருந்துட்டுப் போயிருக்கக் கூடாதா? உங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு?”

“இத்தன நாளா அவன் ஒருத்தனே சுமந்துட்டு இருந்திருக்கான்” என்றார். அழுதார், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பெற்ற பிள்ளையின் மேல். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்த அந்த மனிதருக்கும் ஒரு பெண்டாட்டி உண்டு. கோர்ட்டில் எனக்கு எதிர் பெஞ்சில்தான் தினமும் உட்கார்ந்திருந்தாள், நான் அவளைப் பார்த்தே நாய் நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலைக்கோயில் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “வர்றியா?” என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் தனியாகப் போனார்.