முத்துப்பேச்சி நெற்றியில் விழுந்த சிலுவை

பல்லடம் ரோட்டில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள்; அவள் நெற்றியில் சிலுவை எழும்பியது; அதே நிமிஷம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த முதலாளி மகன் கண்ணைத் திறந்து "அம்மா" என்றான். இது முதல் கடையில் கேட்பது. அடுத்த கடையில் அந்தச் சிலுவையிலிருந்து வெளிச்சம் அடித்தது. பேச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் பையன் செத்தே போய், ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். தாராபுரம் போய்ச் சேரும்போது அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. நெற்றியில் சிலுவை இருந்தது நிஜம். பையன் கண் திறந்ததும் நிஜம். நடுவில் இருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை நடந்தபடியே சொல்லிவிடலாம். உப்பும் காரமும் டீக்கடைக்காரர்கள் ஏற்கெனவே போட்டாயிற்று.

முத்துப்பேச்சி கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை முனீஸ் கட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கூட்டி வந்தான். அவன் அயர்ன் மாஸ்டர். அவள் செக்கிங். அதாவது தைத்து வரும் பனியனை விளக்குக்கு அடியில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று முனீஸ் அவளைச் சொல்வான்.

பிள்ளை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று, பழைய நிட்டிங் குடோன் மாடியில் இருந்த ஒரு சின்ன சபைக்குப் பிள்ளை வரம் கேட்கப் போனாள். பிள்ளை வரவில்லை. ஆனால் அங்கே போனால் நாலு பேர் "சாப்பிட்டியா பேச்சி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே தொடர்ந்து போனாள், ஞானஸ்நானமும் எடுத்தாள். முனீஸ் மாடி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கொண்டுவந்து படிக்கட்டடியில் இறக்கிவிட்டுக் கறிக்கடைக்குப் போவான்.

"நீ மேல போயி ஏசுகிட்டக் கேளு. நான் கறிக்கடை பாய்கிட்டக் கேக்கேன். யாரு முதல்ல குடுக்காகன்னு பாப்போம்."

எப்போதும் பாய்தான் ஜெயித்தார்.

அப்புறம் அவனுக்குக் கிட்னி போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். முகம் வீங்கும், கால் வீங்கும், தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். முத்துப்பேச்சி கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து கேட்டாள். செக்கிங் டேபிளில் ஒவ்வொரு பீஸைப் புரட்டும்போதும் கேட்டாள். பாஸ்டர் எண்ணெய் கொண்டுவந்து பூசினார். முனீஸ் மறுக்கவில்லை. "கறிக்குப் போடுற மசாலாவைத் தவிர எல்லாம் தடவியாச்சு" என்றான்.

தை மாசத்தில் செத்துப்போனான்.

முத்துப்பேச்சிக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அவள் அவர்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். பதினாறு முடிந்ததும் வேலைக்குப் போனாள். பக்கத்து டேபிள் தெய்வாத்தாள், அவிநாசிப் பக்கத்துக்காரி, வாயும் மனசும் பெரியவள். ஒருநாள் குழம்பில் உப்புப் போடாமல் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். முத்துப்பேச்சி சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்தாள்.

"ஏம் புள்ள, நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

தெய்வாத்தாள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தூக்கமும் போயிருந்தது. படுத்தால் விட்டம் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடிய வைப்பாள். சபைக்குப் போவதை விடவில்லை. எல்லோரும் கை தூக்கினால் தூக்கினாள். வாய் ஸ்தோத்திரம் சொன்னது. கடவுள்மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. கோபப்படவும் உள்ளே யாராவது இருக்கவேண்டும். ஊரைவிட்டுப் போனவர்கள் விளக்கை அணைக்க மறந்த வீடு மாதிரி இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் முதலாளி மகன் குகன், காலேஜ் படிக்கிற பையன், அவிநாசி ரோட்டில் காரோடு போய் லாரியில் இடித்தான். தலையில் அடி. நினைவில்லை. அவன் அம்மா ஜெயபாரதி முருகன் பக்தை. சென்னிமலைக்கு வேண்டினார், பழனிக்கு வேண்டினார், அவிநாசியில் அர்ச்சனை, தர்காவில் சர்க்கரை. ஒரு சாமியையும் விடக்கூடாது, பின்னால் அது கேட்டுவிட்டால்? கடைசியில் கம்பெனியில் இருந்த கிறிஸ்தவர்கள் ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே சூப்பர்வைசர் வேல்குமார் செக்கிங் பக்கம் வந்தான்.

"ஏனுங்கக்கா, சங்கிலி ஜெபம்னு ஒன்னு இருக்குதாமா?"

"இருக்கு சார். ஒருத்தர் முடிச்சா அடுத்தவங்க தொடங்கணும். விட்டுப்போகாம நடக்கணும்."

"நடுவால கேப்பே உழுகக்கூடாதா?"

"கூடாது."

"அட, அது நம்ம ஷிப்ட்டுத்தானுங்களே! இத்தனை நேரம் தெரியாமப் போச்சே."

அவன் அதில் கெட்டிக்காரன். தூத்துக்குடி டெய்லர்கள், ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள், பேக்கிங்கில் ஒருவர், முத்துப்பேச்சி எல்லோரையும் மணிக்கணக்கில் பிரித்துவிட்டான். கட்டிங் முடிந்த துணி அடுக்கும் அறையைக் காலி பண்ணி ஒரு பாய் விரித்தான். ஆள் மாற்ற ஆள் வராமல் எழுந்திருக்கக்கூடாது என்று மெஷின் ஆபரேட்டர்களுக்குச் சொல்வதையே இவர்களுக்கும் சொன்னான். ஜெப நேரம் டூட்டியில் சேரும் என்றான். இரண்டு டெய்லர்கள் அன்றைக்கே விசுவாசத்தில் பலப்பட்டார்கள்.

முத்துப்பேச்சிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் முறை விழுந்தது.

அந்த அறையில் வெட்டிய பீஸ்கள் கட்டுக்கட்டாக இருக்கும். கழிவுத் துணியை நாடாவாகக் கிழித்து, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் மெஷின் சத்தம் தூரத்து மழை மாதிரி கேட்கும். ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி முழங்கால் போட்டாள். "ஆண்டவரே" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. பையன் பேரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். முனீஸ் என்று வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள். முழங்கால் வலித்தது. முன்னால் இருந்த கட்டின்மேல் நெற்றியை வைத்தாள். புதுத் துணி வாசம். முனீஸ் சட்டையில் எப்போதும் இருந்த வாசம்.

தூங்கிவிட்டாள். தைக்கு அப்புறம் முதல் தூக்கம். கிணற்றில் கல் விழுந்த மாதிரித் தூக்கம்.

கதவை உடைக்கிற மாதிரித் திறந்துகொண்டு தெய்வாத்தாள்தான் வந்தாள்.

"பேச்சி! ஏய் பேச்சி! பையன் கண்ணு முழிச்சுட்டானாமா! இப்பத்தான் போனு வந்துச்சு... அய்யோ சாமி! நெத்தியப் பாரு புள்ள!"

முத்துப்பேச்சி தலையைத் தூக்கினாள். நெற்றி நடுவில் நாடா அழுத்திய தடம், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, செக்கச்செவேலென்று. அவளுக்கு அது தெரியாது. கட்டின்மேல் எச்சில் ஒழுகியிருந்ததுதான் தெரிந்தது. பீஸில் கறை விழுந்துவிட்டதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தெய்வாத்தாள் வாசலுக்கு ஓடி ஒரு தையல் லைனையே கூப்பிட்டுவிட்டாள். வந்தவர்கள் கும்பிட்டார்கள். ஜார்க்கண்ட் பெண் அழுதாள்.

மயக்க மருந்தை டாக்டர்கள் அன்று காலையில்தான் குறைத்திருந்தார்கள். முழித்தால் இன்றைக்கு நாளைக்குள் முழிப்பான் என்று சொல்லியும் இருந்தார்கள். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. டீக்கு அது தொட்டுக்கொள்ள ஆகாது.

மறுநாள் முத்துப்பேச்சியின் டேபிளுக்கு மேல் தனி ஃபேன் மாட்டினார்கள். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து அவள் கைக்கடியில் தலையை நீட்ட வைத்தார்கள். அவள் தெய்வாத்தாளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"தெய்வா, நான் தூங்கிட்டேன். செபம் பண்ணலை."

"சும்மா இரு புள்ள."

"நெசம்மா. அந்தக் கட்டு மேல தலையைச் சாச்சதுதான் தெரியும்."

"சாமி சன்னதில தூங்குனாலும் அது சாமி கணக்குத்தான். உன்ற தூக்கத்தையே ஏத்துக்குச்சுன்னு வெச்சுக்க. வெளிய சொல்லிப்போடாத. ஊரே என்னையத்தான் சிரிக்கும். பாத்தேன்னு சொன்னவ நானாக்கும்!"

சனிக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். முனீஸைத் தூக்கிப்போகத் தோள் கொடுத்தவர். நாளைக்கு ஆராதனையில் அவள் எழுந்து சாட்சி சொல்லவேண்டும், முதலாளி வீட்டம்மாவும் வருகிறார் என்றார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் சபைமுன் நின்று அதைச் சொல்வது அங்கே வழக்கம். சொல்லாவிட்டால் வாங்கியதை மறைத்த மாதிரி.

முத்துப்பேச்சி அவர் குடித்துவைத்த டம்ளரை எடுத்தாள்.

"பாஸ்டர், முனீசுக்கு நான் கேட்டதெல்லாம் எங்க போச்சு?"

அவர் வசனம் எதுவும் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலை சிஸ்டர். நானும் கேட்டேன், எனக்கும் பதில் வரலை. ஆனா இந்தப் பையன் விஷயம் கண்ணுக்குத் தெரியுதே. தெரிஞ்சதைச் சொல்லுங்க. போதும்."

அவர் போனபின் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆமாம், ஏசப்பா கேட்டார்" என்று ஒரு வரி. சொன்னால் பாஸ்டர் சந்தோஷப்படுவார், ஜெயபாரதியம்மா அழுவார், ஃபேன் தொடர்ந்து ஓடும். ஆனால் சொல்லிவிட்டால், தூங்கினவள் பேச்சைக் கேட்ட கடவுள் முழித்திருந்தவள் பேச்சைக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அதே ஆளிடம் எப்படிப் போய் நிற்பது? அதை நினைத்தபோதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. குற்றமுள்ள பீஸைக் கையில் பிடித்த மாதிரி, ஓட்டை எங்கே என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைப் படிக்கட்டில் ஒரு பொம்பளை அவளை மறித்தாள். பெயர் வேலாத்தாள், பல்லடத்துக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் குடும்பம். பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். படியில் புருஷன் உட்கார்ந்திருந்தான். பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, நீங்கதானுங்களே அது? இவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. வாரத்துல ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்றாங்க."

முத்துப்பேச்சி அந்தக் காலைப் பார்த்தாள். குனிந்து விரலால் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது, மேலே வரவில்லை.

"கடைசியா எப்பப் போனீங்க?"

"நேத்துப் போயிருக்கோணுமுங்க. போகலை. ஆஸ்பத்திரில இருந்து போனு மேல போனு. நான் எடுக்கவே இல்லீங்க. உங்க ஜெபம் இருக்கறப்ப அந்த ஊசி எதுக்குங்க? அவரு வலி தாங்க மாட்டீங்கறாரு."

"மூச்சு வாங்குதா?"

அந்த ஆளே பதில் சொன்னான். "படுத்தா வாங்குதுங்க. உக்காந்தா பரவால்லீங்க."

மேலே பாட்டு முடிந்து முத்துப்பேச்சி பேரைக் கூப்பிட்டார்கள். "நான் சொல்றதை நீங்க ரெண்டு பேரும் கேக்கணும்" என்று அவள் அந்த ஆளின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, வேலாத்தாளோடு சேர்ந்து மாடிக்குக் கொண்டுபோனாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். முன்வரிசையில் ஜெயபாரதி பட்டுச்சேலையில், கழுத்தில் முருகன் டாலரோடு கைகூப்பி இருந்தார். பின்னால் தெய்வாத்தாள். சர்ச்சுக்குள் முதல்முறை வருகிறாள், செருப்பை எங்கே விடுவது என்று கடைசிவரை தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார்.

முத்துப்பேச்சி வாய்க்கு வெகு பக்கத்தில் மைக்கைப் பிடித்தாள். கீச்சென்றது. யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவள் ஜெயபாரதியைப் பார்க்கவில்லை, வேலாத்தாளைப் பார்த்துப் பேசினாள்.

"என் நெத்தியில சிலுவை ஒண்ணும் வரலைங்க. பீஸ் கட்டு மேல தலையை வச்சுத் தூங்கிட்டேன், அந்த நாடா அழுத்துன தடம் அது. அந்தத் தம்பிக்காக நான் ஒரு வார்த்தை கேக்கலை. எங்க வீட்டுக்காரருக்குத்தான் ராப்பகலா முழிச்சிருந்து கேட்டேன், அவரு போய்ச் சேந்துட்டாரு. ஆண்டவர் யாருக்குக் கேக்காரு, எதுக்குக் கேக்காருன்னு எனக்குத் தெரியாது. என் செபத்துக்கு ஆஸ்பத்திரியை விட்டுட்டு வராதீங்க. வேலாத்தா, அவரைப் பிடிங்க, ஆட்டோ பிடிச்சுப் போவோம்."