காக்கை வராத மொட்டைமாடி

போன வருடம் ஆடி அமாவாசை அன்று, தைவானில் தைச்சுங் நகரத்தில், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு ஜில்லாவில் வடகரப்பதி பக்கம். கணவருக்குத் தைச்சுங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெட்டி நிறையக் கொள்ளுப் பயறும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு போய் இறங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

காய் வாங்குவது, பஸ் ஏறுவது, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் ஒருவழியாகப் பழகிவிட்டது. பாஷைதான் வரவில்லை. கைபேசியிடம் நான் தமிழில் பேசினால் அது சீனத்தில் சொல்லும். அவர்கள் பேசினால் தமிழில் சொல்லும். அதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது.

நான் போன மூன்றாவது மாதம் அப்பா இறந்துவிட்டார். டிக்கெட் எடுத்து, இரண்டு விமானம் மாறி, வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு என் மேல் வருத்தம் இருக்கும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பக்கம் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டோம். காக்கை வந்து எடுத்தால் போனவர்கள் சாப்பிட்டார்கள் என்று நிம்மதி. எடுக்காவிட்டால் அவர்களுக்கு ஏதோ மனக்குறை. நாங்கள் இருக்கும் பகுதியிலோ காக்கையே கண்ணில் படாது. நானும் விடாமல் அமாவாசைதோறும் மொட்டைமாடிச் சுவரில் வைத்தேன். வந்ததெல்லாம் புறா. அவை கொத்திச் சிதறிய சோறும், போட்ட எச்சமும், நாலாம் மாடிக்காரி காயப்போட்ட துணியில் விழுந்தன. என் வயதுக்காரிதான், கீழே காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறாள். மேலே வந்து பொரிந்து தள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் படிக்கட்டில், பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று காகிதம் ஒட்டியிருந்தது. சோற்றின் அருமை தெரியாத ஜென்மம் என்று நானும் வாய் நிறையத் திட்டினேன், தமிழில்தான்.

ஆடி அமாவாசைக்குக் கணவர் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை எல்லாம் செய்து தட்டில் வைத்து மேலே கொண்டுபோனேன். அன்றைக்கென்று பார்த்துப் புறாகூட வரவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இரண்டரை மணிவரை காத்திருந்தேன். அப்போதுதான் அம்மா போன் செய்தார்.

"இங்க வெச்ச ஒடனே காக்கா எடுத்துருச்சு கண்ணு. அங்க எடுக்காம நீ வாயில வெச்சறாத."

அம்மா வைத்ததை எடுத்தாயிற்று. அப்படியென்றால் கோபம் என் மேல் மட்டும்தான். அங்கேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அந்த நேரம் பார்த்து நாலாம் மாடிக்காரி, காகிதம் எரிக்கும் தகர டப்பாவோடு மேலே வந்தாள். சரி, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவளோ தட்டையே பார்த்தாள். யாருக்கு என்று கைபேசியில் கேட்டாள். இறந்துபோன அப்பாவுக்கு என்றேன். டப்பாவை வைத்துவிட்டு விடுவிடுவென்று கீழே போனாள். ஆள் கூட்டி வரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வந்தவள் கையில் ஒரு மடக்கு மேசை, ஊதுபத்தி, ஒரு கோப்பைத் தேநீர். அப்பாவுக்குச் சுவர் மேலா சோறு வைப்பது என்று என்னைக் கடிந்துகொண்டு, தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர்களுக்கும் அது போனவர்களுக்குப் படைக்கிற மாதத்தின் தொடக்கமாம்; தகர டப்பாவும் அவர்களுக்குக் காகிதப் பணம் எரித்து அனுப்பத்தானாம்.

ஊதுபத்தி பாதி எரிந்ததும் இரண்டு நாணயங்களை எடுத்தாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். அவள் கேட்டுப் போட்டாள். இரண்டும் தலை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். இரண்டும் பூ. அவள் யோசித்துவிட்டு, நாணயங்களை என் கையில் வைத்துக் கைபேசியில் ஏதோ சொன்னாள்.

"உங்கள் அப்பாவுக்கு என் பேச்சு புரியவில்லை. நீங்கள் கேளுங்கள்" என்றது அது.

"அப்பா, சோறு உண்டாச்சுங்களா?" என்று கேட்டு நாணயங்களைப் போட்டேன்.

ஒன்று தலை, ஒன்று பூ.

அவள் கைதட்டிச் சிரித்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து, அப்பா செத்தபோதுகூட அழாத அழுகையை அழுது தீர்த்தேன். பிறகு அந்த மேசையிலேயே இருவரும் சாப்பிட்டோம். கொள்ளுப் பருப்பை அவள் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். படிக்கட்டுக் காகிதம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அப்பாவிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தவரை, போனை எடுத்ததும் அப்பாதான் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆச்சு என்று சொல்லிவிட்டு நான் என் கதையை ஆரம்பித்துவிடுவேன். இப்போது அம்மாவிடம் பேசும்போது, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்: "அம்மா, உண்டாச்சுங்களா?"