ரப்பர் மரத்துல வெச்ச அடையாளம்

பிவிசி பைப் ஒட்டுற பசைக்கு ஒரு வாசனை உண்டு... எத்தனை சோப்பு போட்டாலும் விரல்ல இருந்து போகாது. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட உட்கார்ந்தா, முதல்ல அந்த வாசனைதான் மூக்குல ஏறும்.

தொண்ணூறுகளோட நடுவுல, டிப்ளமோ முடிச்ச கையோட சேர்ந்த முதல் வேலை அது. ஆரியங்கோடு பக்கம் ஒரு ரப்பர் குன்று. மேல டேங்க், கீழ நாற்பது வீட்டுக்குக் குடிதண்ணிக் குழாய். கான்ட்ராக்டர் கிட்ட நான் சைட் சூப்பர்வைசர். எங்க பக்கம் பொம்பளையா இருந்தாலும் "சாரே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அதுல எனக்கு இருந்த கெத்து இருக்கே...

மெயின் பைப்புக்கு ஒரே ஒரு சிக்கல், தங்கம்மா அக்கா வீடு. மண் சுவர் வீடு. அதுக்கு மேல இருக்கிற திட்டு வழியாத்தான் பைப் போயாகணும். அக்கா குறுக்க வந்து நின்னாங்க.

"பைப்பு உடைஞ்சா எனக்க சுவரு நிக்குமா மக்கா?"

"திட்டுக்கு முன்னாலயே ஒரு வால்வு உண்டுக்கா. அடைச்சா தண்ணி நின்னுடும். வேலை முடிஞ்சதும் நானே காட்டித் தாறேன்."

அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் வழி விட்டாங்க.

உத்காடனத்துக்கு, அதாவது திறப்பு விழாவுக்கு, முந்தின நாள் விருந்தாளியோட ஜீப் ஏறணும்னு பாதை முழுக்கச் செம்மண் கொட்டினாங்க. அஞ்சு வால்வோட மூடியும் மண்ணுக்கு அடியில போயிடுச்சு. நான் பதறவே இல்ல. ஒவ்வொண்ணுக்கும் நேரா நின்ன ரப்பர் மரத்துல சிவப்பு பெயின்ட்ல ஒரு அம்பு போட்டேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு!

ரிப்பன் வெட்டு, கைதட்டு, பாயசம். மறுநாளே உதியன்குளங்கரையில அடுத்த வேலை. அக்காவுக்குக் காட்டுறத நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு பஸ்ல போறேன்... எதிர்ல லாரி நிறைய ரப்பர் தடி. அதுல ஒண்ணுல சிவப்பு அம்பு. பால் வத்தின மரத்த வெட்டி மறுபடி நடுவாங்கன்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதுலயா போய் அடையாளம் வைக்கணும்?

கான்ட்ராக்டர் கிட்ட ஓடினேன். அவர் சிரிச்சார்.

"உத்காடனமும் கழிஞ்சு, பாயசமும் குடிச்சாச்சு. இனி அங்க உனக்கு என்ன சோலி பிள்ளே?"

ஜூன்ல வர்ற இடவப்பாதி மழைக்கு பதினஞ்சு நாள்தான் இருந்துச்சு. லீவு எழுதி மேசையில வெச்சுட்டு பொழியூருக்கு பஸ் ஏறிட்டேன். பைப் போட்ட ஃபிட்டர் வில்சன் அண்ணனுக்கு அங்கதான் வீடு. கடல் வேலை இல்லாதப்பதான் அவர் பைப் வேலைக்கு வருவார். கரையில உட்கார்ந்து வலையைச் சரி பண்ணிட்டு இருந்தார்.

"பயப்படாதீங்க சாரே. ஞாயித்துக்கிழமை பூசை கழிஞ்சு வாறேன்."

சொன்ன மாதிரியே வந்தார், தோள்ல ஒரு வலைக்கயிறோட. ஒரு பைப் ஆறு மீட்டர் இல்லியா? ஆறு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு வெச்சிருந்தார். டேங்க்ல இருந்து கயிறைப் பிடிச்சிக்கிட்டே, "பதினோராவது ஜாயின்ட் கழிஞ்சு ஒண்ணு உண்டு..."ன்னு எண்ணிக்கிட்டே இறங்கினார். கடப்பாரையால குத்தினா மூடியில 'டங்'னு சத்தம். நாலு வால்வு அப்படியே கிடைச்சுது.

அஞ்சாவது கிடைக்கல. அக்கா வீட்டுக்கு மேல இருக்கிறது. அங்க பாறையைச் சுத்தி வளைக்க துண்டு பைப் போட்டிருந்தோம், அதனால எண்ணிக்கை சரிப்படல. வெயில் ஏற ஏற பாதையெல்லாம் குழி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அது கிடைக்காம நான் குன்று இறங்குறதா இல்ல.

கீழ நின்னு பாத்துட்டு இருந்த தங்கம்மா அக்கா ஏறி வந்தாங்க.

"எலே வில்சா, மூடி வைக்க அன்னைக்கு எனக்க கிட்டதான் குடத்துல தண்ணி வாங்கி சிமென்ட் குழைச்ச. நான் குடத்தை இறக்கி வெச்சது அங்கயாக்கும்."

அவங்க காலால காட்டின இடத்துல ரெண்டு குத்து... டங்!

மண்ணைத் தள்ளி மூடியைத் திறந்தோம். வால்வு சாவியை அக்கா கையில குடுத்தேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு அவங்களே திருகினாங்க. கீழ அவங்க வீட்டுக் குழாயில தண்ணி நின்னுச்சு. திறந்தாங்க, வந்துச்சு. நம்பாம இன்னொரு தடவை அடைச்சுப் பாத்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் வரை பாறை, கலுங்குப் பாலம், டேங்கோட மூலை, இப்படி யாரும் வெட்டிக் கொண்டு போக முடியாததுல இருந்து டேப் பிடிச்சு அளந்து வரைஞ்சேன். ஒரு காப்பி பஞ்சாயத்து ஆபீசுக்கு. இன்னொண்ணு, ஒரு வால்வு சாவியோட, அக்கா வீட்டுக்கு. அதுக்கப்புறம்தான் ராத்திரி தூக்கம் வந்துச்சு.

அந்த மழையிலயே திட்டு இடிஞ்சு பைப் உடைஞ்சுது. விஷயம் தெரிஞ்சு நான் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆயிடுச்சு. அக்கா வாசல்ல நனைஞ்ச துணியோட நின்னாங்க. சுவர் நின்னுச்சு.

"உன்னைக் காத்து நின்னா வீடு போயிருக்கும் கேட்டியா? நான் அடைச்சேன்!"

இப்ப நான் இருக்கிறது பெரிய ஆபீஸ். வேலை முடிஞ்சா கேக் வெட்டுறோம். கம்ப்யூட்டர்ல எல்லா கட்டத்துலயும் டிக். பைப் எங்க ஓடுதுன்னு போன்லயே தெரியும்... முடிச்சுக் கயிறு புடிச்சு எண்ணிக்கிட்டே குன்று இறங்க ஒரு வில்சன் அண்ணன் தேவையில்ல. எனக்குத்தான் சில நாள் அந்த மனுஷனைத் தேடும்.

போன வாரமும் ஒரு புராஜெக்ட் 'முடிஞ்சுது'. கையெழுத்து போடச் சொல்லி மூணு மெயில் வந்தாச்சு. நான் போடல. திங்கக்கிழமை நேர்ல போறேன். அந்தக் குழாய்க்குக் கீழ குடியிருக்கிற யாராவது ஒருத்தர், என் கண் முன்னால, தன் கையால வால்வை அடைச்சுக் காட்டட்டும்.