நல்ல கண்ணைக் கட்டு

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். என் மகள் கன்னியம்மாவின் கண்கட்டு இடம் மாறியிருந்தது. காலையில் வலது கண்ணில் கட்டிவிட்டுப் போனேன். இப்போது இடது கண்ணில்!

யார் வேலை? காத்திவாக்கத்திலிருந்து வந்திருந்த என் அக்கா வேலைதான்.

"இன்னாடா, நல்ல கண்ணைக் கட்டிட்டு நொள்ளைக் கண்ணைத் தொறந்து வுட்டுகீறே? புண்ணு ஒரு கால்ல, கட்டு ஒரு கால்லயா?"

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டர் சொன்னபோது நானும்தான் முழித்தேன். ஆறு வயதுப் பெண். இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இல்லையாம். வலது சரி, இடது மங்கல். மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் நல்ல கண்ணையே கூப்பிடுமாம். கண்ணாடி போட்டு, நல்லதை மூடிவைத்தால் மற்றது பார்க்கப் பழகும். இப்போது விட்டால் பிறகு வராது.

எல்லாம் சரி. ஆனால் அதற்கு ஒரு பெயர் சொன்னார் பாருங்கள் – 'சோம்பேறிக் கண்.' அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். காலையில் கேட்டில் நிற்போம். மேஸ்திரி தெரிந்த முகமாகப் பார்த்துக் கை காட்டுவான். மற்றவன் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? சோம்பேறி! கூப்பிடாதவன் சோம்பேறியா?

கட்டை அவிழ்த்து வலது கண்ணில் கட்டினேன்.

"சோம்பேறி இல்லக்கா. அத்த யாரும் வேலைக்குக் கூப்ட்ல. அவ்ளோதான்."

"கண்ணுக்கு இன்னாடா வேலை? பொட்டப் புள்ளைக்குக் கண்ணாடி, உள்ள கட்டு வேற... எவன்டா இவளைக் கட்டிப்பான்?"

"கட்டிக்கிறவனுக்குக் கண்ணு தெரிஞ்சா போதும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாயடி. கன்னியம்மா கல்லில் தடுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். குடத்தோடு நின்ற ஒருத்திக்கு அது போதாதா?

"இன்னாடி ஒத்தக்கண்ணி, அந்தக் கண்ணு எங்கடி பூடுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் மகள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"அதுக்கு லீவு. இன்னிக்கு இது வேலைக்குப் போய்கீது."

பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து, கன்னியம்மாவின் கண்கட்டு முடிச்சை இறுக்கிவிட்டாள். வலது கண்ணில்தான்.

நாளைக்கு மேஸ்திரி எனக்கு வேலை கொடுப்பானோ, மாட்டானோ... அந்தக் கண்ணுக்கு நான் கொடுத்துவிட்டேன்.