ராஜகிரி ஏறினவளுக்கு இருபத்தோரு கிலோமீட்டர்

வாயெல்லாம் உப்பு. கண்ணைத் திறந்தால் எரிச்சல். முன்னால் நீந்துகிறவரின் கால் என் தாடையில் உதைக்கிறது...

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, மலேசியாவில் ஒரு கடலோர ஊர். செஞ்சியில் கிராம நர்ஸாக இருந்த நான், அதுவரை கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதே இல்லை.

லில்லி அக்கா கல்யாணமாகி மலேசியா போய்ப் பல வருஷம் கழித்து எங்களைக் கூப்பிட்டிருந்தாள். நான், வீட்டுக்காரர் சேவியர், ஆறு வயசு மகள் ரோஸி... மூன்று பேருக்கும் அதுதான் முதல் விமானம்.

அக்காவின் வீட்டுக்காரர் மாமாவுக்கு விளையாட்டுப் பைத்தியம். டிரையத்லான் என்ற வார்த்தையை அவர் சொல்லித்தான் கேட்டேன். இரண்டு கிலோமீட்டர் கடலில் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். ஒரே மூச்சில் மூன்றும். காலை ஏழு மணிக்கு இறங்கினால் மாலை நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். மாமா பேர் கொடுத்திருந்தார். போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது படியில் தடுக்கி, கணுக்கால் வீங்கிவிட்டது. கட்டுப் போட்டது நான்தான்.

போட்டுக்கொண்டே சொன்னேன்: "மாமா, உங்களுக்கு பதிலா நான் போறேன்."

வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏண்டி, உனுக்கு இன்னா ஆச்சு?"

"இன்னா ஆவணும்? கெணத்துலயும் ஏரிலயும் நீஞ்சறேன். தெனம் சைக்கிள் மிதிக்கிறேன். மலை ஏறுறேன். மூணையும் ஒரே நாள்ல செய்யணும், அவ்ளோதானே?"

வீம்புக்குச் சொல்லவில்லை. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் ரோட்டில் ஊர் ஊராகத் தடுப்பூசிப் பெட்டியோடு போவதுதான் என் வேலை. அமாவாசை அன்று கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி மிதிக்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக் கிணறு. ஏரி ரொம்பினால் இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் நீச்சல். இத்தனை வருஷத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் மாமா நொண்டிக்கொண்டே போய்ப் பேரை மாற்றிவிட்டு வந்தார்.

போட்டி அன்று காலை அவருடைய அரை டிராயர், டீ சர்ட்டோடு வெளியே வந்தேன். சேவியர் முகம் போன போக்கு!

"இன்னா மேரி, இப்டியேவா போவப் போற?"

"பின்ன, பொடவை கட்டிக்கினா நீஞ்சறது?"

ரோஸி கைதட்டினாள்.

கடல் முதல் பத்து நிமிஷம் பயம் காட்டியது. கிணற்றுத் தண்ணீர் அப்படியே நிற்கும், இது தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிறகு அலையோடு சண்டை போடுவதை விட்டேன். அது தூக்கும்போது மூச்சு, இறக்கும்போது கை. கரையேறியபோது எனக்குப் பின்னால் இன்னும் சிலர் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் ரேஸ் சைக்கிளில் கியர் எதற்கு என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஒரே கியரில் விட்டுவிட்டேன். பாதியில் செயின் கழன்றது. இது எனக்கு வாராவாரம் நடக்கிற விஷயம். இறங்கி, மாட்டி, கையை டிராயரில் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஓட்டத்தில்தான் சோதனை. அக்காவின் கேன்வாஸ் ஷூ எனக்கு ஒரு அளவு சின்னது. எட்டாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலும் கொப்புளம். ஒவ்வொரு அடிக்கும் ஊசி குத்துகிற மாதிரி... நடக்க ஆரம்பித்தேன். பின்னாலேயே ஒரு வேன் வந்தது. முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். உள்ளே ஏற்கெனவே நாலு பேர். முன்சீட்டிலிருந்து ஒரு தமிழ் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏறிக்கம்மா. இந்த வேகத்துல போனா நேரம் பத்தாது."

"நாலு மணி வரிக்கும் டைம் இருக்குது இல்ல?"

"இருக்கு..."

"அப்போ நீங்க போங்க."

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சின்ன வயசில், மே மாச வெயிலில் செஞ்சிக் கோட்டை ராஜகிரிப் பாறையில் வெறுங்காலோடு பந்தயம் வைத்து ஏறினவள் நான். தார் ரோடு சுட்டது, ஆனால் கொப்புளத்தில் உரசவில்லை. அது போதுமாக இருந்தது. வெயிலில் துவண்டு உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். தண்ணீர் கொடுக்கிற இடத்திலெல்லாம் தலையில் ஒரு குவளை, வாயில் ஒரு குவளை.

கடைசிக் கிலோமீட்டரில் ரோட்டோரம் யாரோ கூடவே ஓடி வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் சேவியர்! பேன்ட், இன் பண்ணின சட்டை, பாலிஷ் போட்ட ஷூ.

"மேரி! வுடாத மேரி! வந்துட்ட!"

செஞ்சி கடைத்தெருவில் எனக்கு நாலடி முன்னால் நடக்கிற மனுஷன். வெளியில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் தொண்டை கிழியக் கத்தினார். அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓடினேன்.

மணி மூன்று ஐம்பத்தொன்று.

நான் முடித்ததுமே மாமா நொண்டியபடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா குதிகாலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மருந்து போட்டாள்.

அடுத்த வாரம் செஞ்சி. திங்கட்கிழமை காலை அதே ரோடு, அதே பெட்டி. "லீவு எப்டிமா போச்சு?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "நல்லா போச்சு சார்" என்றேன். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? கேட்டால்தான் நம்புவார்களா?

இப்போது செஞ்சியிலும் விடிகாலையில் பெண்கள் நல்ல ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன், அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். எனக்கு முட்டி வலி, நடை மட்டும்தான். ரோஸி ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறாள். நாலாயிரம் அடி நடந்தால் போதும்... கையில் கிர்ரென்று அதிர்ந்து, திரையில் பட்டாசு வெடித்து, பிரமாதம் என்று பாராட்டுகிறது.

நானும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிடுகிறேன்.