பாய் இறக்கும் கயிறு

எங்கள் வீட்டுக் கூடத்தில் மடித் துணி உலர்த்தும் மூங்கில், மேல் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. தெருவில் மற்ற வீடுகளில் புடவையைக் கோலால் தூக்கித்தான் மேலே போடுவார்கள். எங்கள் வீட்டில் கயிற்றைத் தளர்த்தினால் மூங்கில் இடுப்பளவுக்கு இறங்கும். விரித்துவிட்டு இழுத்தால் ஏறிவிடும். கயிறு ஓடுவது ஒரு பித்தளைக் கப்பியில். தினமும் காலையில் அது கிறீச்சிடும். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கோ என்று என் மனைவி பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் விடவில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.

அந்தக் கப்பி முதலில் எங்கள் ஆபீஸ் பங்காவில் இருந்தது. உத்தரத்தில் ஆடும் துணி விசிறி உள்ளே. அதை இழுக்கிற ஆள் வராந்தாவில். கயிறு கப்பியின் மேல் ஓடி, சுவரிலிருந்த துவாரத்தின் வழியாக அவன் கைக்குப் போகும். திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்து விசிறிகள் தாமே சுற்றத் தொடங்கியதும், பங்காவைக் கழற்றி மூலையில் போட்டார்கள். நான் அங்கே படம் வரைகிறவன். எனக்கு மேலே எஞ்சினீயர். எங்கள் அக்ரஹாரத்திலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். மனைவி காலமாகிப் பல வருஷம், குழந்தை கிடையாது, தஞ்சாவூரில் ஒரு அண்ணா மட்டும். ஆபீஸில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி, போகிற போக்கில் தன்னுடைய சின்னப் பாய்ப் படகை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் வேளிக் காயல்தான். அங்கே அவர் வேறு மனிதர். வாய்விட்டுப் பாடுவார். தாளம் தப்பும், கவலையே படமாட்டார்.

அந்தப் பாட்டைக் கேட்க வாய்த்தவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் அந்தப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். பாய்மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய். பெரியதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இறக்கிவிடலாம். காற்று முறுகினால் முன்பாயை இறக்க ஒரு ஆள் படகின் மூக்குவரை தவழ்ந்து போயாக வேண்டும். அவர் சுக்கானை விட முடியாது. ஆகவே அந்த ஆள் நான். எனக்கு நீந்தத் தெரியாது. நான் பழகிய தண்ணீர் கோயில் குளத்தில் மூன்றாவது படிவரைதான். வழுக்கும் பலகையில் வேஷ்டியை இறுக்கிக்கொண்டு, ஆடும் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும்போதெல்லாம் குலதெய்வத்துக்கு ஏதாவது ஒன்று வேண்டிக்கொள்வேன். வரமாட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. அவர் மேலதிகாரி. அதோடு, நான் போகாவிட்டால் அவருக்கு அந்தப் பாட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் என் மனைவி உண்டாகியிருந்தாள். முன்னால் இரண்டு தரம் தங்கவில்லை. நாலாம் மாசம் ஆனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, கர்ப்பிணியின் புருஷன் செய்யக் கூடாதவற்றை வரிசையாகச் சொன்னார். க்ஷவரம் கூடாது, சமுத்திர ஸ்நானம் கூடாது, படகேறக் கூடாது, பிரேதம் சுமக்கக் கூடாது. படகு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாளே எஞ்சினீயரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாஸ்திரம் சரிதான் ஓய். ஆனா முன்பாய்க்கு நான் யாரைத் தேடுவேன்?" என்றார். எனக்குப் பதிலாக ஒரு கயிறு போட்டுத் தருகிறேன் என்றேன்.

யோசனை பங்காவிலிருந்து வந்தது. விசிறி ஓரிடம், இழுக்கிறவன் ஓரிடம். பாய்க்கும் அப்படி இருந்தால் என்ன? பாயை ஏற்றும் கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் கட்டாமல் அவர் இருக்கைவரை நீட்டினேன். இன்னொரு கயிற்றைப் பாயின் உச்சியில் முடிந்து, கீழே படகின் மூக்கில் பொருத்திய பங்காக் கப்பி வழியாகத் திருப்பி, அதையும் அவர் இருக்கைக்கே கொண்டுவந்தேன். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இழுத்தால் பாய் தானே இறங்கவேண்டும். ஆபீஸ் படத்துக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக அளவெடுத்ததில்லை. கரையில் கட்டிய படகில் அவர் ஏறி உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார். நான் மண்ணில் நின்றேன். சரசரவென்று பாய் இறங்கிக் குவிந்தது. பத்து தரம் ஏற்றி இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே நீர் வேண்டாம் ஓய்" என்றார். நானும் சிரித்தேன். வண்டிக்கு நடக்கும்போது, என் பக்கம் திரும்பாமலேயே, "பயமா இருந்ததுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அதெல்லாம் இல்லை சார், அப்பா சொன்னதுதான் என்று சாதித்தேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

மூன்று ஞாயிறு தனியாகப் போய் வந்தார். நாலாவது, ஐப்பசி மாசத்து ஞாயிறு. நாலு மணிக்குக் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. வாசல் கதவு படாரென்று அடித்தது. கயிறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் காப்பி குடித்தேன். இருட்டுவதற்குள் ஆள் வந்து சொன்னான்.

கரையிலிருந்த வலைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். காற்று அடித்ததுமே பாய் இரண்டும் இறங்கிவிட்டதாம். பிறகு துடுப்பை எடுக்க எழுந்தவர், படகு ஒரு பக்கம் சாய்ந்ததில் தண்ணீரில் விழுந்தார். நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்துவிட்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஏற முடியவில்லை. அந்த அலையில் வலைக்காரரின் வள்ளம் போய்ச் சேர்வதற்குள் கை விட்டுப்போயிற்று. "ஒரு கை கொடுக்கான் ஆளுண்டாயிருந்நெங்கில்" என்றார் அவர். கை கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால். அப்புறம் நான் போய்ப் படகைப் பார்த்தேன். என் கயிறு எங்கேயும் சிக்கவில்லை, அறுந்துபோகவில்லை. அறுந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருப்பேன். சொன்னபடி, ஒரு ஆள் செய்யும் வேலையை அது செய்திருந்தது. கைகொடுத்துத் தூக்கத்தான் அதற்குத் தெரியாது. எனக்கு நீந்தத் தெரியாவிட்டால் என்ன, படகுக்குள் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடிக்க நீச்சல் எதற்கு?

மறுநாள் காலை பாடை கட்டினார்கள். தஞ்சாவூர் அண்ணா வந்து சேரவில்லை. தோள் கொடுக்க மூன்று பேர் நின்றார்கள். நான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படி இறங்கினேன். அப்பா என் கையைப் பிடித்தார். "உனக்குக் கூடாதுடா" என்றார். அடுத்த தெருவிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வாசல் தூணோடு நின்றேன். போன தரம் எனக்கு இனித்த அதே சாஸ்திரம்தான். உள்ளே என் மனைவி வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "நல்லவேளை, படகிலே நீங்க போகலை" என்றாள்.

பெண் பிறந்தாள், தங்கினாள். அவருடைய அண்ணா படகை யாருக்கோ கொடுத்துவிட்டார். கப்பியை மட்டும் நான் கழற்றிக்கொண்டு வந்தேன். இப்போது அந்தப் பெண்தான் தினமும் புடவை உலர்த்துகிறாள். கப்பி கிறீச்சிட்டதும், ஸ்நானம் பண்ணிய ஈரத்தோடு எழுந்து போய் ஒன்பது கஜத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். "எதுக்குப்பா நீங்க எழுந்து வரேள்? இதுக்கு ஒத்தை ஆளே போறுமே" என்பாள். போறும்தான் என்று சொல்லிவிட்டு, மூங்கில் ஏறி, அவள் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.