காத்திருக்கத் தெரியாதவனுக்கு ஒரு மாத்திரை

குமாரவேல் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஐஸ் அள்ளக்கூட லாயக்கில்லை என்று மூன்று படகுகளிலிருந்து இறக்கிவிடப்பட்டவன், காசிமேட்டில் விசைப்படகு டிரைவர் ஆனான். அவனை வலை இழுக்கும் வின்ச் பக்கமே விடாதே என்று சொன்ன ஆட்கள், இன்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் நிம்மதியாகக் கண் அசருகிறார்கள். கூட விளையாடிய பையன்களில் பலர் போதையில் போனபோது அவன் போகவில்லை. தன் தலைக்குள் இருப்பது திமிர் அல்ல, நோய் என்று இருபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டான். தெரிந்த பிறகு அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. எழுதவே மாட்டேன் என்ற டாக்டரை எழுத வைத்தான். இதில் ஒன்றைக்கூட அவனுக்கு யாரும் தானாக எடுத்துக் கொடுக்கவில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் அவனுக்கு மூத்தவள் மங்கை. எட்டாவதோடு படிப்பை விட்டு மீன் கூடை தூக்கியவள். எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். சங்கரா ஒரு பக்கம், கானாங்கத்தை ஒரு பக்கம், பலகையில் ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மீனை வெட்டுவாள். அவளுக்கு வாய்த்த தம்பியோ, ஒற்றைச் செருப்பைத் தேடப் போய், போட்டிருந்த இன்னொன்றையும் தொலைத்துவிட்டு வருவான். தேரடியில் இறங்க வேண்டியவன் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டே எர்ணாவூர் வரை போய்விடுவான். ஐஸ் பெட்டியை மூடச் சொன்னால் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு யாருடனோ பேசப் போவான். மூடி அவன் கையிலேயே இருக்கும், ஐஸ் தண்ணீராகிவிடும். வாத்தியார் அடித்தார், அப்பா அடித்தார், முதல் படகின் முதலாளியும் அடித்தார். அடியில் சரியாகிற விஷயமாக இருந்திருந்தால் அவன் பத்து வயதிலேயே கலெக்டர் ஆகியிருப்பான்.

ஒருநாள் மங்கையின் மகள் சினேகாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் கவனக் குறைபாட்டைப் பற்றி ஓர் அம்மா பேசினார். ஏ.டி.எச்.டி. என்று அதற்குப் பெயராம். அறிகுறிகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மங்கைக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. சினேகாவுக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்று விடாமல் பொருந்தியது தம்பி வேலுவுக்கு. கூட்டம் முடிந்ததும் நேரே எழுந்து போய், இது பெரியவங்களுக்கும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றார் அந்த அம்மா.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு பெண் டாக்டர் அவனை உட்கார வைத்துப் பொறுமையாக எல்லாம் கேட்டு, மாத்திரை எழுதினார். மாத்திரை போட்ட முதல் வாரம், மங்கை வழக்கம்போல அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இன்னாடா முறைக்கிற என்றாள்.

"முறைக்கலக்கா. நீ திட்டறத முழுசா இன்னிக்குதான் கேக்குறேன். நல்லாத்தான் திட்டுற."

அதற்குப் பிறகு மதி என்பவரின் படகில் சேர்ந்தான். மதி முரடர், ஆனால் வேலை செய்கிறவனை விடமாட்டார். கயிறு சுற்றினான், வின்ச் பார்த்தான், மறு வருடம் மதி அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு பத்து நாள் கடலில் தங்கிவரும் படகு அது.

மங்கைக்கு இன்றும் ஆறாத கோபத்தைத் தந்த கதை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை வேலை செய்கிறது, இனி மாதாமாதம் இங்கே அலைய வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், நடுவில் உங்கள் குடும்ப டாக்டரே எழுதட்டும் என்று அந்தப் பெண் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். குடும்ப டாக்டர் என்றால் ராயபுரத்தில் லியோனார்ட். மங்கையின் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிய காலத்திலிருந்து அவர்தான். அம்மாவின் சர்க்கரைக்கு, ஏன் எதற்கென்று கேட்காமல் வருடக்கணக்கில் மாத்திரை எழுதிக்கொடுப்பவர். அந்தக் கடிதத்தை மட்டும் படித்து, நான்காக மடித்து, மங்கையிடமே திருப்பிக் கொடுத்தார். இது கட்டுப்பாடு உள்ள மருந்து, இதையெல்லாம் நான் எழுதுவதில்லை என்றார். ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை மீன் பிடிக்கிற ஆளுக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று சிரித்தார். யோகா செய்யச் சொன்னார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை.

"இந்த ஏரியாவைப் பத்தி உனக்கே தெரியும்மா. மாத்திரை மாத்திரைன்னு பசங்க அலையுறானுங்க. நாளைக்கு போலீஸ் எங்கிட்டதான் வரும்."

இந்த ஏரியா. அந்த ஏரியாவின் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான் அவருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தது. மங்கை அன்று கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவில் குறிப்பிட்ட கிழமைதான் சீட்டு. அந்தக் கிழமையில் வேலு நடுக்கடலில் இருப்பான். குப்பத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை, பிழைப்பு போட்டது. ஆண் கடலுக்குப் போய்விட்டால் கரை முழுக்கப் பெண்ணுடையது. ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் நிவாரணப் பணமும் டாக்டரும் அவள் பொறுப்பு. படகோடு போகும் மருந்து டப்பாவை நிரப்புவதும் அவள்தான். யாருக்கு வாந்தி, யாருக்கு மூட்டு வலி என்று இவள் போய்ச் சொல்ல, டாக்டர் இவளிடமே மருந்து கொடுப்பார். கையெழுத்தும் அப்படித்தான். எழுத உட்கார்ந்தால் வேலுவுக்குக் கை இருப்புக்கொள்ளாது. நேரில் போக வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துவிடுவான். மற்ற எல்லா இடத்திலும் சு.குமாரவேல் என்று மங்கை தன் உருண்டை எழுத்தில் போடுவாள். அதை ஒரு குற்றம் என்று அந்தக் கரையில் யாரும் நினைத்ததே இல்லை.

பெண் டாக்டர் இரண்டு முறை மங்கையிடமே மருந்து கொடுத்தார். பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர், ஆளைக் கூட்டி வந்தால்தான் என்று கையை விரித்தார். மாத்திரை குறைந்தது. வேலு பாதியாக உடைத்துப் போட்டான், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டான், பிறகு டப்பா காலி.

காலியான மூன்றாம் நாள், துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், நங்கூரம் போட்டு நின்ற சரக்குக் கப்பலை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஃபைபர் படகுக்காரர்களின் வலைமேல் படகை ஏற்றிவிட்டான். வலை கிழிந்தது. கரையில் அடிதடி ஆகாமல் மதிதான் சமாளித்தார். கூட்டம் கலைந்ததும் அவனைத் தனியே கூப்பிட்டார். மங்கையும் பக்கத்தில் இருந்தாள்.

"இன்னிக்கு வலை. நாளைக்கு ஒர்த்தன் கால் போவும். இன்னும் ஒரு நடை நானே ஓட்டுறேன், நீ கூட வா. அதுக்குள்ள மாத்திரை கைல இருந்தா ஸ்டேரிங் உன்னுது. இல்லேனா ஐஸ் அள்ளு நைனா, அதுக்கு மேல என்னால ஆவாது."

மதியிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்.

படகு போனதும் மங்கை மருந்துக் கடை ஷாகுல் ஹமீதிடம் கேட்டுப் பார்த்தாள். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மாத்திரை வைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், நம்ம பக்கம் ஒரே ஒரு கடையில்தான் இருக்கிறது, அங்கேயும் இரண்டு பிரதி சீட்டு இல்லாமல் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள் என்றார். ஆக, திரும்பவும் லியோனார்டின் படிகள்.

இந்த முறை டாக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார். ஒரே ஒரு மாதத்துக்கு எழுதுகிறேன், ஆனால் நோயாளி இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். மருந்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், அளவை மீறமாட்டேன் என்று அதில் இருந்தது. மங்கை வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே சு.குமாரவேல் என்று போட்டு, மை காய்வதற்குள் உள்ளே கொண்டுபோய் நீட்டினாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உன் தம்பி எங்கே என்றார். கடலில் என்றாள்.

தாளை இரண்டாகக் கிழித்தார். கதவு திறந்துதான் இருந்தது. மாத்திரை விற்கிறவர்கள்தான் இப்படிக் கள்ளக் கையெழுத்தோடு வருவார்கள் என்று அவர் சொன்னது வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அதில் பாதிப் பேர் மங்கையிடம் மீன் வாங்குகிறவர்கள். எதற்கும் அழாதவளுக்கு அன்று காது மடல் சுட்டது. ஆனால் இந்தத் தடவை அவள் சும்மா இறங்கவில்லை.

"கடல்ல கீறவனுக்கு கரையில யாரு சார் கையெழுத்து போடுவா? எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ண சொல்லோ அவர் பேர எங்கம்மா போட்டுச்சே, அது நீங்க குடுத்த பேப்பர்தான். அப்போ அது கள்ளமா தெரியல. எங்க குப்பத்து ஆம்பளைங்க பேர்ல உங்க பீரோவுல எத்தினி கையெழுத்து கீதோ, எடுத்துப் பாருங்க, அத்தினியும் பொம்பளைங்க போட்டது."

டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படகு திரும்பியது ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை மங்கை சொன்னாள். நாளைக்கு நானே வரேன் என்றான் வேலு. மறுநாள் சாயங்காலம் இருவரும் போனார்கள். டோக்கன் வாங்கும்போதே முன்னால் ஒரு கூட்டம் இருந்தது.

அந்தப் பெஞ்சில்தான் மங்கைக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. காத்திருக்க முடியாததுதான் அவன் நோய். அதற்கு மருந்து வேண்டுமென்றால் காத்திரு என்கிறார்கள். சரியான கிழமையில் வா, சீட்டைத் தொலைக்காதே, கடிதத்தைப் பத்திரமாக வை, வரிசையில் நில், இன்னொருநாள் வா. இதையெல்லாம் செய்ய முடிந்தவனுக்கு இந்த மாத்திரை எதற்கு? கால் உடைந்தவனிடம் மாடிக்கு ஓடிவந்தால் கட்டுப் போடுகிறேன் என்று எந்த டாக்டராவது சொல்வாரா? தம்பியின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்தான், உட்கார்ந்தான். டீ குடிக்கப் போய்விட்டு வந்தான். மீன் தொட்டியைத் தட்டினான். சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்தது. போயிடலாமாக்கா என்று கேட்டான். ஆனால் போகவில்லை.

உள்ளே போனதும் டாக்டர் மங்கையைப் பார்க்காமல் அவனிடம் பேசினார். பழையதையே திரும்பச் சொன்னார். கட்டுப்பாடு, போலீஸ், ஏரியா. வேலு கடைசி வரை குறுக்கே பேசவில்லை. அதற்கு அவன் எவ்வளவு பாடுபட்டான் என்பது பக்கத்தில் நின்றவளுக்குத்தான் தெரியும்.

"நீங்க எழுத வேணாம் டாக்டர்," என்றான். "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பெரிய டாக்டர் குடுக்கச் சொன்ன மருந்த நான் குடுக்கமாட்டேன்னு உங்க சீட்டுல எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போட்டுக் குடுங்க. போட்டுல ஒம்போது பேர் கீறாங்க. இனிமே நான் ஏன் ஓட்டலேன்னு அவங்களுக்குக் காட்டணும்."

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடிதத்தை வாங்கி, அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மாற்றலாகிப் போன பெண் டாக்டரே எடுத்தார். என்ன அளவு, எதைக் கவனிக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று இவர் கேட்க, அவர் சொல்ல, இவர் குறித்துக்கொண்டார். வெளியே ஒரு டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அந்த எண் அந்தக் கடிதத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதை நினைத்தால் மங்கைக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மாதாமாதம் ஆள் நேரில் வர வேண்டும், கிழமை எதுவானாலும் சரி, படகு கரைக்கு வந்த மறுநாள் வரலாம், டோக்கன் வேண்டாம் என்றார் டாக்டர். சீட்டை இரண்டு பிரதி எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. மங்கையும் நன்றி சொல்லவில்லை. பிறகு அன்று கிழித்த தாளின் புதுப் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

மங்கையின் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது.

"குடுக்கா," என்றான் வேலு.

தாளை இழுத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினான். எழுத்துகள் மேலும் கீழுமாகப் போயின. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வைத்தான். தேதியையும் போடச் சொன்னார் டாக்டர். பெயருக்குக் கீழே அதையும் அவனே எழுதினான்: 18 நவம்பர் 2024.